முடிவு தெரியாமல் வாழ்ந்தவர்கள்

(‘படிக்கச் சுவையும் வாழ்வுக்குப் பயனும் மிகுதியாகத் தருபவை கற்பனைக் கதைகளா? தன்வரலாறும் பயண நூல்களுமா?’ என்ற பட்டிமன்றத்தில் இரண்டாம் அணியில் பேசியது. இடம்: சைதாப்பேட்டை.)

மாண்புமிகு நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி முடித்துவிட்டு, ஏதோ வென்றுவிட்ட நினைப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! சைதாப்பேட்டை வாழ் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

எதிரணித் தலைவர் பேசும்போது மூன்று குண்டுகளைப் போட்டார். ஒன்று, தன்வரலாறு என்றாலே தற்பெருமை. இரண்டு, பயண நூல் என்பது பழைய காலத்துச் சரக்கு. இப்போது செல்போனைத் திறந்தால் உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிடுகிறது. மூன்று, கதையில் இருக்கிற விறுவிறுப்பு இதிலெல்லாம் கிடையாது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று பதைபதைக்க வைப்பது கதைதான் என்றார்.

ஐயா, அந்த மூன்றாவது குண்டிலிருந்தே தொடங்குகிறேன். விறுவிறுப்புக்கு உதாரணமாக அவர் எதைச் சொன்னார்? கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. நானும் அந்த நாவலுக்கு அடிமைதான். எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வந்தியத்தேவன் குதிரை ஏறிப் புறப்படுகிறான். வழியெல்லாம் ஆபத்து. கத்தி வருகிறது, வேல் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லுங்க, அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நமக்குப் பயம் வருகிறதா? வராது! ஏன்? கையில் இருப்பது முதல் பாகம். அலமாரியில் இன்னும் நாலு பாகம் இருக்கிறது. முதல் பாகத்திலேயே அவன் போய்ச் சேர்ந்துட்டா, மீதி நாலு பாகத்துக்குக் குதிரை மட்டுமா ஓடும்? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, கதாநாயகனுக்குப் பின்னால் ஆசிரியர் நிற்கிறார். எந்தத் திருப்பத்தில் காப்பாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் உண்மையாக வாழ்ந்த ஒரு மனிதனுக்குப் பின்னால் அப்படி யார் நிற்கிறார்? நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் அவன் ஒவ்வொரு நாளையும் கடந்தான். நீங்களும் நானும் அப்படித்தானே கடக்கிறோம்? முடிவு தெரியாமல் வாழ்கிற நமக்கு, முடிவு தெரியாமல் வாழ்ந்தவன்தான் துணையாக முடியும். இதுதான் என் வாதம். இதற்குச் சாட்சிகளை வரிசையாக அழைக்கப் போகிறேன்.

முதல் சாட்சி, நம் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர். ‘தமிழ்த் தாத்தா’ என்று சொன்னவுடனே உங்கள் கண்ணில் என்ன படம் வருகிறது? தலைப்பாகை, கோட்டு, மாநிலக் கல்லூரி வளாகத்தில் சிலை. சரி. ஆனால் அவர் எழுதிய ‘என் சரித்திரம்’ என்ற நூலைத் திறந்தால் அங்கே சிலை இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராக இடம் மாறுகிற ஒரு குடும்பம் இருக்கிறது. தந்தையார் சங்கீதம் தெரிந்தவர். இராமாயணக் கதை சொல்லுவார். கேட்கிற ஊர்க்காரர்கள் கொடுக்கிற நெல்லும் பணமும்தான் வருமானம். அந்த வீட்டுப் பையனுக்குத் தமிழ் மேல் ஒரு பைத்தியம். ‘தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா?’ என்கிற கேள்வி அன்றைக்கும் இருந்தது. (கைதட்டல்) தமிழாசிரியர்கள் எல்லாம் எவ்வளவு பலமாகக் கை தட்டுகிறார்கள் பாருங்கள்! (சிரிப்பு)

17-ஆம் வயதில் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்கிறார். அப்பாடா, கரை சேர்ந்தாச்சு என்று நாம் மூச்சு விடுகிறோம். படிப்பு சூடு பிடிக்கிற நேரத்தில் அம்மை போடுகிறது. படிப்பு நிற்கிறது. பிழைத்து எழுந்து மறுபடி போய்ச் சேருகிறார். ஆசிரியரோ பெரும் புலவர்; வாரிக் கொடுக்கிற கை; ஆகவே வீட்டில் எப்போதும் கடன். 1876 பிப்ரவரியில் அந்த ஆசிரியரும் மறைந்துவிடுகிறார். மாணவருக்கு அப்போது 21 வயதுகூட நிறையவில்லை. கையில் வேலை இல்லை. அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். நமக்குத் தெரியும், இவர் தமிழ்த் தாத்தா ஆகப் போகிறார் என்று. அவருக்குத் தெரியுமா?

இருபத்தெட்டு வருஷமாகக் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி என் மூளையில் உதித்ததில்லை. என்னிடம் படித்த ஒரு மாணவன் கேட்டது. நாலு பாடத்தில் அரியர். வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு வகுப்பு முடிந்தும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பான். அறிவுரை சொன்னால் கேட்கிற நிலையில் இல்லை. ‘என் சரித்திர’த்தைக் கையில் கொடுத்து, ‘சும்மா புரட்டிப் பாருப்பா’ என்றேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தான். “ஐயா, வாத்தியார் செத்துப்போன அன்னைக்கு, பின்னாடி தான் என்ன ஆகப் போறோம்னு அவருக்குத் தெரியாதுல்ல?” என்றான். “தெரியாதுப்பா” என்றேன். “அப்ப சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பையன் இன்றைக்குக் கலெக்டராக இருக்கிறான் என்று சொல்லப் போகிறேன் என்றுதானே காத்திருக்கிறீர்கள்? இல்லீங்க. (சிரிப்பு) ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறான். நாலு அரியரையும் எழுதி முடித்தான். கல்யாணம், குழந்தை குட்டி என்று நல்லபடியாக இருக்கிறான். போதாதா? ஒரு புத்தகம் ஒரு பிள்ளையை எழுப்பி வீட்டுக்கு அனுப்பி வைத்தால் அதைவிடப் பெரிய பயன் என்ன இருக்கிறது? (பலத்த கைதட்டல்)

இப்போது அந்த முதல் குண்டுக்கு வருகிறேன். தன்வரலாறு என்றால் தற்பெருமையாம்! அதே ‘என் சரித்திர’த்தில் ஒரு காட்சி. 1880 அக்டோபர் 21. ஐயருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பெயர், நல்ல மிடுக்கு. ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். கேட்டால் விடுவாரா? அந்தாதியில் இத்தனை, பிள்ளைத்தமிழில் இத்தனை, உலா, கோவை என்று பட்டியல் போட்டுக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற தோரணையில், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஒன்றும் படித்ததில்லை! 25 வயசுத் தமிழ்ப் பண்டிதர் உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப் போகிறார்.

இந்தச் சந்திப்பை யார் பார்த்தார்கள்? மறைத்திருந்தால் நமக்குத் தெரியவா போகிறது? ஆனாலும் தாம் சிறுத்து நின்ற அந்தக் காட்சியைத்தான் அவர் அவ்வளவு விரிவாக எழுதி வைத்தார். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஏட்டுச்சுவடி தேடல் பிறந்தது. சமண சமயச் செய்தி புரியவில்லை என்றதும், கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்கே போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழு வருஷம் உழைத்து 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஒரு மனிதன் தன்னை உயர்த்திப் பேசினால் அது விளம்பரம். தான் குனிந்து நின்ற இடத்தைச் சொன்னால் அது தன்வரலாறு. (கைதட்டல்)

காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் திருடியதையும், அதை ஒரு தாளில் எழுதித் தந்தையிடம் நீட்டியதையும் அவரே சொல்கிறார். கவியரசு கண்ணதாசன் ‘வனவாச’த்தில் தம் சறுக்கல்களை மூடியா வைத்தார்? தற்பெருமைக்காரர்கள் எழுதுகிற தன்வரலாறும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு மாமா இருக்கிறாரே, “அந்தக் காலத்துல நான் ஒரே ஆளா...” என்று தொடங்குவார், அந்த மாதிரி! (சிரிப்பு) அவரை நாம் எழுந்து போக விடுகிற மாதிரி அந்தப் புத்தகத்தையும் மூடி வைத்துவிடலாம். அதற்காக ஊரில் உள்ள எல்லா மாமாக்களையும் ஒதுக்கிவிட முடியுமா?

தாய்மார்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு சாட்சி. 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’. ஒரு தலித் கிறித்தவக் குடும்பத்துப் பெண். படித்து ஆசிரியை ஆகி, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறார். உள்ளே போனால் அங்கேயும் சாதி. மனம் ஒப்பாமல் வெளியே வருகிறார். வேலை இல்லை, சேமிப்பு இல்லை, அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த நிலையில் எழுதப்பட்டது அந்தப் புத்தகம். எழுத்தாளராகிப் புகழ்பெற்ற பிறகு சாவகாசமாக உட்கார்ந்து எழுதியது இல்லை அம்மா! பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும். அந்தத் தலைப்புக்கு அர்த்தம் புத்தகத்தைப் படித்தால்தான் விளங்கும். பக்கத்துத் தெருவில் வாழ்கிறவர்களின் வாழ்க்கை நமக்குத் தெரியுமா? அவர்களே எழுதிக் கொடுத்தால்தான் தெரியும். நாம் அங்கே குடியிருக்க முடியாது, படிக்க முடியும்.

அடுத்து, பயண நூல். செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நண்பர். ஐயா, செல்போனில் காசி தெரியும். காசிக்குப் போனவனின் நெஞ்சு தெரியுமா? ‘காசிக்குப் போனேன்’ என்று இப்போது படம் அனுப்புகிறார்கள். படத்தில் முக்கால்வாசி அவர் முகம்தான். கங்கை எங்கேயோ காதுக்குப் பக்கத்தில் ஒரு கோடு மாதிரி ஓடுகிறது! (சிரிப்பு)

நம்ம சென்னப்பட்டணத்துக்காரர் ஒருவர். ஏனுகுல வீராசாமையா. இங்கே உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. 1830 மே 18 அன்று தண்டையார்பேட்டையிலிருந்து காசிக்குப் புறப்படுகிறார். கத்திரி வெயில்! தென்னாட்டில் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து கிளம்பியது 1856-இல்தான். ஆகவே பல்லக்கும் கால்நடையும்தான். குடும்பமும் பரிவாரமுமாக நூறு பேர் அளவில் ஒரு கூட்டம். திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாக்பூர், பிரயாகை என்று போய்க் காசியைத் தரிசித்து, கயை, கல்கத்தா வழியாகக் கடற்கரையோரமாகத் திரும்பி வருகிறார். ஊர் வந்து சேர்ந்தது 1831 செப்டம்பர் 3. பதினைந்து மாதத்துக்கு மேல்! அவர் எழுதிய குறிப்புகள் அவர் காலமான பிறகு, 1838-இல் தெலுங்கில் ‘காசியாத்திரை சரித்திரம்’ என்று புத்தகமாக வந்தன.

அந்தக் காலத்தில் காசிக்குப் போகிறவர்கள் சொத்து, பத்திரம் எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டு, அழுது விடைபெற்றுத்தான் போவார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லை. அப்படிப் போன மனிதர் என்ன எழுதுகிறார் தெரியுமா? இந்த ஊரிலிருந்து அடுத்த ஊர் எவ்வளவு தூரம், பாதை எப்படி, தண்ணீர் கிடைக்குமா, கடை உண்டா, தங்க இடம் உண்டா என்று எழுதுகிறார். நாளைக்கு நாம் இருப்போமா என்று தெரியாத ஒருவர், நாளைக்கு வருகிறவனுக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று குறித்து வைக்கிறார்! நடுவர் அவர்களே, இது பயண நூல் மட்டுமா? மனிதத் தன்மைக்குப் பாடம் இல்லையா? (கைதட்டல்)

இன்னொருவர், செட்டிநாட்டுக் கோட்டையூர் தந்த ஏ. கே. செட்டியார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று புத்தகம் எழுதியவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில் இருக்கிறார். வயது 26 நிறையவில்லை. காந்தியைப் பற்றி ஓர் ஆவணப் படம் எடுத்தால் என்ன என்று அந்தக் கடலின் நடுவில் தோன்றுகிறது. தோன்றியதோடு விட்டாரா? ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுகளில் நூறு பேர் அளவில் படம்பிடித்து வைத்திருந்த சுருள்களைத் தேடித் தேடி 50,000 அடி சேர்த்தார். 1940 ஆகஸ்டில் படம் சென்னையில் வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் உலகப் போர் மூண்டது. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் நினைத்திருந்தால் பாதிச் சுருள் கைக்கு வந்திருக்காது. போர் வரப் போகிறது என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. தெரியாமலே ஓடினார். அந்த ஓட்டத்தைத்தான் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலில் காண்கிறோம். அதில் செட்டியாரைத் தேடினால் கிடைக்கமாட்டார். தாம் பட்ட பாட்டைவிட, உதவி செய்தவர்களைப் பற்றித்தான் பேசுவார். தற்பெருமை என்று சொன்ன நண்பர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சைதாப்பேட்டைக்காரர்களே, உங்கள் ஊரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டாமல் உங்களுக்குப் பொழுது விடிகிறதா? பஸ்ஸுக்குள் நெரிசல், பாலத்தின் மேல் நெரிசல்! இப்போது இருப்பது புதுப் பாலம். மறைமலையடிகள் பெயர் தாங்கியது. அவரும் நாட்குறிப்பு எழுதி வைத்த பெருமகன் என்பது நமக்குப் பெருமை. ஆனால் முதன்முதலில் அந்த இடத்தில் பாலம் கட்டியவர் யார்? கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-இல், சொந்தப் பணத்தில். பரங்கிமலைக்கு ஏறுகிற படிக்கட்டுகளைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். எங்கேயோ பிறந்த இனம், எதையெதையோ கடந்து வந்த வணிகர், அடையாற்று வெள்ளத்தைப் பார்த்து மனம் இரங்கியிருக்கிறார். அவர் பாலம் கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் கல்வெட்டு எதைச் சொல்லும்? முடிந்ததைச் சொல்லும். பாதி கட்டிய பாலத்தின் முன்னால் நின்று, ‘இது முடியுமா, வெள்ளம் கொண்டுபோகுமா’ என்று ஒரு மனிதன் தவித்திருப்பானே, அதைக் கல்வெட்டு சொல்லாது. அதைத் தன்வரலாறுதான் சொல்லும். சாதனைப் பட்டியல் எல்லாம் கல்வெட்டு மாதிரி. நமக்கு வேண்டியது பாதிப் பாலத்தின் கதை. ஏனென்றால் நாம் எல்லோரும் பாதிப் பாலத்தில் நிற்கிறவர்கள்தான்! (நீண்ட கைதட்டல்)

எதிரணி அம்மையார் கேட்கலாம். “கதை படிக்கிற சுகம் இதில் வருமா?” என்று. வரும் அம்மா. படிக்கிற முறை ஒன்று இருக்கிறது. பயண நூல் படிக்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், “இன்னைக்கு வீராசாமையா எங்கே தங்கியிருக்காரு?” என்று. பூகோளம் தானாக வரும். தன்வரலாறு படிக்கும்போது, அவருக்கு உங்கள் வயது இருந்த பக்கத்தைத் தேடிப் படியுங்கள். உங்களுக்கு நாற்பதா, அவருடைய நாற்பது எப்படி இருந்தது என்று பாருங்கள். படித்து முடித்ததும் வீட்டில் இருக்கிற பாட்டியிடம் போய், “உனக்குப் பதினெட்டு வயசுல என்ன பயம் இருந்துச்சு?” என்று கேளுங்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். இத்தனை நாளும் ‘மாத்திரை சாப்பிட்டியா’ என்ற ஒரே கேள்விதான்! (சிரிப்பு) எழுதப்படாத தன்வரலாறுகள் நம் வீட்டுத் திண்ணையிலும் கட்டிலிலும் உட்கார்ந்திருக்கின்றன. நல்ல தன்வரலாறு படித்தவனுக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றும்.

நிறைவாக ஒன்று. ‘சத்திய சோதனை’யில் உப்புச் சத்தியாகிரகம் கிடையாது, தெரியுமா? அந்தத் தொடரை அவர் 1929-இல் முடித்துவிட்டார். தண்டி யாத்திரை 1930-இல். தம் வாழ்க்கையின் மிகப் பெரிய நடை இனிமேல்தான் வரப் போகிறது என்று, தம் கதையை எழுதி முடித்தபோது அந்த மகாத்மாவுக்கே தெரியாது!

நம் தமிழ்த் தாத்தா? ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940-இல் தொடங்கித் தொடராக வந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அத்தியாயம் 122-ஐ எட்டியது. கதை மணிமேகலைப் பதிப்புக் காலத்தைத் தாண்டி வந்து கொண்டிருந்தது. சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சேர்ந்த 1903-ஐக்கூட அது எட்டவில்லை. போர்ப் பயத்தில் பட்டணம் காலியாகிக்கொண்டிருந்த 1942-இல் திருக்கழுக்குன்றம் போனார். ஏப்ரல் 28 அன்று அங்கேயே கண் மூடினார். தொடர் அப்படியே நின்றது. 1950-இல் நூலாக வந்தபோதும் முடிவு இல்லாமலே வந்தது. நாவல் என்றால் அதைக் குறை என்போம். வாழ்க்கை என்பதால் அதுவே அதன் உண்மை. இங்கிருந்து பஸ் ஏறினால் பெசன்ட் நகரில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறபோது, பிள்ளைகளுக்கு அந்த வாசலையாவது காட்டிவிட்டுப் போங்கள்.

நடுவர் அவர்களே! கதை நமக்கு ஒரு நல்ல முடிவைக் காட்டி மகிழ்விக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நாளை வரப்போகிற தேர்வு முடிவை எண்ணி ஒரு பிள்ளை தூங்காமல் கிடக்கிறது. மாதக் கடைசியை எண்ணி ஒரு தகப்பன் புரண்டு படுக்கிறான். அவர்களுக்கு வேண்டியது, ‘எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, ஆனாலும் நடந்தேன்’ என்று சொல்கிற ஒரு மனிதக் குரல். அந்தக் குரல் தன்வரலாற்றிலும் பயண நூலிலும்தான் கேட்கிறது. ஆகவே, எங்கள் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு, உங்கள் முடிவும் எனக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு (சிரிப்பு), அமர்கிறேன்.